கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை

"கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லலீங்க அம்மிணி. என் வீட்டுக்காரிதான் எல்லாத்தையும் சொன்னா."

தணிகாசலம் அண்ணன் வந்ததும் வராததுமாக ஜமீலாக்காவின் மேசை முன்னால் நின்று இதைச் சொன்னார். வியாழக்கிழமை காலை. தோளிலிருந்து பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

ஜமீலாக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"டீ சாப்டீங்களாங்ணா?"

"டீ எறங்குற நெலமையிலயா இருக்கறேன்?"

"வீட்ல என்ன சொன்னாங்க?"

"ஆப்பை அழிச்சுட்டா. போன்ல இருந்தே தூக்கீட்டா. இனிமே இதை எங் கண்ணுல காட்டாதீங்கன்னுட்டா."

எங்கள் ஆபீஸ் காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. பள்ளிக்கூட பஸ் எங்கே வருகிறது, பிள்ளை எங்கே இறங்கும் என்று அம்மாக்களின் போனில் காட்டுகிற ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஜமீலாக்காதான் எங்களுக்குத் தலைமை. முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. கேள்வி கேட்டால் நேராகப் பதில் வராது. அதனால் அவரை முதுகுக்குப் பின்னால் குரு என்போம். முன்னாலும் சொல்வோம். அவர் கண்டுகொள்வதில்லை.

தணிகாசலம் அண்ணனுக்கு ஐம்பது நெருங்குகிறது. ஒரு மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர். இந்த வயதில் எல்லாவற்றையும் புதிதாய்ப் படித்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். வந்த புதிதில் சந்தேகம் கேட்கவே அப்படிக் கூச்சப்படுவார். இப்போது அக்காவை அவர்தான் அதிகம் தொந்தரவு செய்கிறார்.

நான் கிருபாகரன். அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலி. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

"என்னதாங்ணா நடந்துச்சு?" என்றார் ஜமீலாக்கா.

"நேத்து சாயங்காலம் அவ அண்ணன் ஸ்கூலுக்கே போயிருக்கான். டீச்சர்கிட்டச் சொல்லீட்டு பாப்பாவ பைக்ல கூட்டீட்டு ஐஸ்கிரீம் வாங்கித் தரப் போயிட்டான். இவகிட்டச் சொல்ல மறந்துட்டான். இவ ஸ்டாப்புல நின்னு ஆப்பைத் தொறந்தா, வெள்ளை."

"வெள்ளையா?"

"வெறும் வெள்ளைங்க. பாப்பா பேரும் இல்ல, பஸ்ஸும் இல்ல. அப்படியே நின்னுபோச்சு. பஸ்ஸுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சுட்டா. செருப்புக் கழண்டதுகூடத் தெரியாம ஸ்கூல் வரைக்கும் ஓடியிருக்கா, அம்மிணி. அந்த வெயில்ல."

எனக்குப் பாவமாக இருந்தது.

"இப்ப சோதனைக்கு இவ போன்ல மட்டுந்தான் போட்டிருந்தேன். திங்கக்கிழமை அந்த ஸ்கூல்ல எல்லா அம்மாக்களுக்கும் என்னோட ஸ்க்ரீன் போகுது. இன்னும் எத்தனை பேரை நான் ஓட வெக்கப் போறேனோ."

"கம்பைலர் என்ன சொல்லுச்சு?"

"அதைத்தானுங்க சொல்றேன். ஒரு சிவப்புக் கோடு இல்ல. டைப் செக்கிங்னு வெச்சுக்கிட்டு அது பச்சப் பொய் சொல்லுதுங்க!"

டைப் செக்கிங் என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. நாங்கள் எழுதுகிற புரோகிராமைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். புரோகிராம் ஓடுவதற்கு முன்னாலேயே அது ஒவ்வொரு வரியாய்ப் பார்க்கும். எண் என்று சொன்ன இடத்தில் எண்தான் வருகிறதா, பெயர் என்று சொன்ன இடத்தில் பெயர்தான் வருகிறதா என்று பார்க்கும். ஒத்துவராவிட்டால் அந்த வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போடும்.

எங்கள் ஆப்பில் எல்லாத் தகவலும் ஒரே இடத்தில் இருக்கும். அதற்கு ஸ்டோர் என்று பேர். ஒவ்வொரு ஸ்க்ரீனுக்கும் தனியாக எழுதுகிற புரோகிராம் துண்டுக்குக் கிளாஸ் என்று பேர். அது தனக்கு வேண்டியதை ஸ்டோரிலிருந்து எடுத்துக் காட்டும். பிள்ளை இறங்கும் இடத்தைக் காட்டுகிற ஸ்க்ரீன் அண்ணனுடையது.

முதலில் அந்த ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்பாகத்தான் இருந்தது. அண்ணன் வெறுத்துப் போய் எல்லா இடத்திலும் 'எனி' என்று போட்டுவிட்டார். என்ன வந்தாலும் சரி என்று அதற்கு அர்த்தம். சிவப்பு மறைந்தது. ஜமீலாக்கா பார்த்தார்.

"மாப்பிள்ளை பார்க்கறப்பவும் என்ன வந்தாலும் சரின்னுதான் சொல்லுவீங்களாங்ணா?"

அவ்வளவுதான் கேட்டார். அண்ணன் அத்தனை எனியையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, கிளாஸுக்குள் ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே டைப் எழுதினார். இது எண். இது பெயர். இது இறங்கும் இடம், இது கட்டாயம் இருக்கும். கம்பைலர் ஒரு கோடும் போடவில்லை. அன்றைக்கு அண்ணனுக்கு இருந்த சந்தோஷத்தில் எங்கள் எல்லோருக்கும் கீழேயிருந்து தேங்காய் பன் வந்தது. ஜமீலாக்காவும் ஒன்று எடுத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அந்த ஸ்க்ரீன்தான் வெள்ளையாகிவிட்டது.

"சரிங்ணா," என்றார் ஜமீலாக்கா. "வெள்ளை வராத மாதிரி எதையாச்சும் திருத்துங்க."

"திருத்தி?"

"நீங்களே பார்த்து, நீங்களே ஓகே போட்டு, நீங்களே அனுப்பீருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஆபீஸில் அது நடக்காத காரியம். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் பார்த்து ஓகே போட்டால்தான் வெளியே போகும். ஜமீலாக்கா எழுதுவதைக்கூட நான்தான் பார்ப்பேன். இந்த விஷயத்தில் எல்லோரையும்விடக் கறார் தணிகாசலம் அண்ணன். ஒரே ஒரு வரி மாற்றினேன் என்று கொண்டுபோனால்கூட, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் படிப்பார்.

"நானே ஓகே போடறதா?"

"ஆமாங்ணா."

"அதெப்படிங்க? நான் எழுதுனது எனக்குச் சரியாத்தான் தெரியும். என்னையவே என்கிட்ட கேட்டா நான் வேற என்னத்தைச் சொல்ல..."

பாதியில் நின்றுவிட்டார்.

ஜமீலாக்கா தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். பையை மடியிலேயே வைத்துக்கொண்டு தன் கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் என் வேலையைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிருபா."

"சொல்லுங்ணா."

"எறங்கற எடம் கட்டாயம் இருக்கும்னு இங்க எழுதுனது யாரு?"

"நீங்கதாங்ணா."

"கம்பைலர் எதை வெச்சுச் சரி பார்த்துச்சு?"

"நீங்க எழுதுனதை வெச்சுத்தான்."

"ஸ்டோர்ல போய்ப் பார்க்கலியா?"

"எங்கங்ணா பார்க்கும்? இந்தப் பேர்ல இருக்கறதை எடுத்துட்டு வான்னு பேரை மட்டும்தான கொடுத்திருக்கீங்க. வர்றது இதுதான்னு நீங்களே எழுதியும் கொடுத்துட்டீங்க. பெரிய மனுஷன் சொல்றாருன்னு அது நம்பீருச்சு."

அண்ணன் பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஸ்டோரை எழுதுனது யாருப்பா?"

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். ஸ்டோரை எழுதியவன் நான். இறங்கும் இடம், அல்லது ஒன்றும் இல்லை என்று அதில் தெளிவாகவே எழுதி வைத்திருந்தேன். பக்கத்து நாற்காலி. கையை நீட்டினால் என் தோள். ஒரு மாசமாய் மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான்தான்," என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியேங்ணா."

"அட, ஆமா," என்று சிரித்துவிட்டார். இந்த மனுஷனிடம் நிம்மதியாகக் கோபித்துக்கொள்ளக்கூட முடியாது.

கையால் எழுதிய டைப் எல்லாவற்றையும் அழித்தார். ஸ்டோர் என்ன சொல்கிறதோ அதையே அப்படியே எடுத்துக்கொள்கிற மாதிரி கிளாஸை மாற்றினார். சேமித்தார்.

மேலிருந்து கீழ்வரைக்கும் சிவப்பு.

"அடேங்கப்பா!" என்றார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இத்தனையும் சொல்றதுக்கு வெச்சிருந்திருக்குது பாரேன். நாந்தான் வாயைத் தொறக்க விடல."

மதியத்துக்குள் ஒவ்வொன்றாய்த் தீர்த்துவிட்டார். ஒரே ஒரு கோடு மட்டும் போகவில்லை. இறங்கும் இடம் என்று ஒன்றும் இல்லாவிட்டால் என்ன காட்டுவது? அதைச் சொல்லாமல் கம்பைலர் நகர விடுவதாக இல்லை. அண்ணன் 'தகவல் இல்லை' என்று எழுதினார். கோடு போய்விட்டது. லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஜமீலாக்காவிடம் போனார்.

அக்கா படித்தார்.

"இதை உங்க வீட்ல படிச்சா?"

அண்ணன் அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தார்.

"ஓடுவா," என்றார்.

அக்கா லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

அண்ணன் நேராக என்னிடம் வந்தார். ஒரு மாசமாய்க் கேட்காததற்கும் சேர்த்து இப்போது கேட்கிறார்.

"கிருபா, உன்ற ஸ்டோர்ல ஒண்ணும் இல்லைன்னு இருக்குதே, அதுக்கு என்னப்பா அர்த்தம்?"

"ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைங்ணா."

"அது தெரியுது. எதனால இல்ல?"

"நெட் மெதுவா இருந்து தகவல் இன்னும் வரலைன்னா இருக்காது."

"வேற?"

"பிள்ளைங்க ஏற ஏற பஸ் ஆயா ஒவ்வொரு பேரா போன்ல தட்டுவாங்க இல்லீங்களா, பாப்பா பேரைத் தட்டலைன்னாலும் இருக்காது."

"தட்டலைன்னா?"

"பாப்பா பஸ்ல ஏறலைன்னு அர்த்தம்."

"ரெண்டும் ஒண்ணாப்பா?"

என் ஸ்டோரைத் திறந்து பார்த்தேன்.

தகவல் இன்னும் வரவில்லை என்பதும், பிள்ளை பஸ்ஸிலேயே இல்லை என்பதும் என் ஸ்டோரில் ஒரே காலி இடம். தெளிவாக எழுதியிருக்கிறேன் என்று காலையிலிருந்து உள்ளுக்குள் பெருமைப்பட்டவன் நான். அவமானமாகப் போய்விட்டது. நல்ல வேளை, அக்கா இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தாரோ என்னவோ, தெரியவில்லை.

"இருங்ணா, மாத்தீர்றேன்," என்றேன்.

காலி இடத்தை எடுத்துவிட்டேன். இனிமேல் ஸ்டோர் சும்மா ஒன்றும் இல்லை என்று சொல்லாது. தகவல் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லும், அல்லது பிள்ளை ஏறவில்லை என்று சொல்லும், அல்லது ஏறிவிட்டது, இறங்கும் இடம் இன்னது என்று சொல்லும்.

நான் சேமித்ததும் அண்ணனின் ஸ்க்ரீனில் மறுபடி சிவப்பு. என் பக்கம் மாறினால் இப்போது அவர் பக்கம் தெரிகிறது. அதைப் பார்த்து இரண்டு பேரும் பச்சைப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். எதிர் மேசைக்காரர்கள் எங்களுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

தகவல் வந்துகொண்டிருப்பதற்கு 'பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒரு நிமிஷம்' என்று அண்ணன் உடனே எழுதிவிட்டார்.

அடுத்ததுதான் நகரவில்லை.

'மகிழினி பஸ்ஸில் இல்லை' என்று எழுதினார். மகிழினி அவர் பெண்ணின் பேர்.

"ஐயோ, இதைப் படிச்சா எனக்கே நெஞ்சு நின்னுரும்," என்று அழித்தார்.

"பேர் இல்லாம பொதுவா எழுதீருங்ணா," என்றேன்.

"யாரு பெத்த புள்ளையா இருந்தாலும் பேர் இருக்கோணும்ப்பா."

வெள்ளிக்கிழமை காலையிலும் அதே ஒரு வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எழுதுவார், கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் படித்துப் பார்ப்பார், அழிப்பார். மத்தியானம் போல ஒரு வழியாக நின்றது.

'மகிழினி இன்று பஸ்ஸில் ஏறவில்லை. வகுப்பு ஆசிரியருக்குக் காரணம் தெரிந்திருக்கலாம்.' அதற்குக் கீழே ஒரு பட்டன்: 'ஆசிரியரிடம் பேச.'

கோடு ஒன்றும் இல்லை. நான் வரிவரியாய்ப் பார்த்தேன். நன்றாக இருந்தது. ஜமீலாக்காவும் பார்த்தார்.

"எனக்குச் சரியாத்தாங்ணா தெரியுது."

"அப்பன்னா ஓகே போட்டுருங்க அம்மிணி."

அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எனக்குச் சரியாத் தெரிஞ்சு என்னங்ணா பண்றது?"

மேசைமேல் கிடந்த அண்ணனின் போனை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

அண்ணன் முகத்தில் வேர்த்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். வெளியே டவுன்பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அவர் கெஞ்சுவது எங்களுக்குக் கேட்டது. "இந்த ஒரு தடவை பாக்கியம். இல்ல, இல்ல, சும்மா வந்து பாரு. புடிக்கலைன்னா நானே அழிச்சர்றேன்."

சாயங்காலம் பாக்கியலட்சுமி அக்கா படியேறி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. புருஷனைத் தவிர எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

ஜமீலாக்கா தன் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, டீ வரவழைத்து, சோதனைக்கு வைத்திருந்த போனைக் கையில் கொடுத்தார். யாரும் ஒன்றும் விளக்கவில்லை. போனில் மகிழினி ஏறவில்லை என்ற ஸ்க்ரீன் மட்டும் இருந்தது.

அந்த அக்கா படித்தார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கட்டைவிரல் பட்டனை அழுத்தியது.

மேசைக்கு அந்தப் பக்கம் ஜமீலாக்காவின் போன் அடித்தது. சோதனைக்காக அவருடைய நம்பரைப் போட்டு வைத்திருந்தோம். அவர் எடுத்தார்.

"வணக்கம்ங்க, மகிழினியோட டீச்சர் பேசறேன். அவங்க மாமா வந்து கூட்டீட்டுப் போயிருக்காருங்க. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

போனைக் காதில் வைத்தபடியே பாக்கியலட்சுமி அக்கா எதிரில் இருக்கிற ஜமீலாக்காவைப் பார்த்தார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏனுங்க," என்றார் புருஷனைப் பார்த்து. "இதை மொதல்லயே இப்படிச் செஞ்சிருந்தா என்னங்க கெட்டுப் போச்சு?"

அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"நீ சொன்னதுக்கப்புறந்தான் தெரிஞ்சுது பாக்கியம்."

"நானா? நான் திட்டத்தான செஞ்சேன்."

"அதுதான்."

அந்த அக்கா தன் போனை எடுத்து நீட்டினார். அண்ணனே ஆப்பை மறுபடி போட்டுக் கொடுத்தார். ஜமீலாக்கா ஓகே போட்டார்.

திங்கட்கிழமை.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்க நெருங்க அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்கும்தான். ஸ்டோர் என்னுடையது அல்லவா. பஸ் கிளம்பிவிட்டது என்று தெரிந்தது.

அண்ணனின் போன் அடித்தது. பாக்கியம் என்று காட்டியது.

எடுக்கவே பயந்தார். ஜமீலாக்கா ஜாடை காட்டியதும் எடுத்தார்.

"சொல்லு பாக்கியம்."

நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னது, ஏறலையா?"

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"ம். டீச்சருக்குப் போன் போட்டியா? ... கோ-கோ பிராக்டீஸா? ... ம். ... ம். ... சரி, சரி."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்ணா?" என்றார் ஜமீலாக்கா.

"பாப்பா பஸ்ல ஏறலையாமாங்க."

"வெள்ளை வந்துருச்சா?"

"இல்லீங்க."

"டீச்சர் எடுக்கலியா?"

"எடுத்தாங்களாமா. பேசீட்டாளாமா."

"அப்பறம் எதுக்குங்ணா உங்களைக் கூப்பிட்டாங்க?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வரும்போது கொத்தமல்லித்தழை வாங்கீட்டு வரச் சொன்னா."